காதல், மூளை, ஓயாத நினைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். சனிக்கிழமை பிற்பகல்களில் கோயில் வகுப்பில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டு இடங்களிலும், பக்கத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்கப்படுபவை பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். கிரியோலும் பிரெஞ்சும் தமிழும் கலந்து வந்தவற்றை, கேட்டவர்களின் வாய்மொழி கெடாமல் தமிழில் எழுதியிருக்கிறேன். கேட்டவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

“அக்கா, காதல் நெஞ்சுல வருதா, மூளையில வருதா?”

மூளையில் வருகிறது, நெஞ்சில் தெரிகிறது. விருப்பமானவரைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்வதற்குக் காரணம், மூளையின் கட்டளைப்படி அட்ரினலின் வகைப் பொருள்கள் இதயத் துடிப்பை விரைவுபடுத்துவதுதான். துடிப்பு நமக்குத் தெரிகிறது, கட்டளை தெரிவதில்லை. ஆகவே நம் முன்னோர் காதலை நெஞ்சிலேயே குடிவைத்தார்கள்.

நம் தீவின் கிரியோலில் விருப்பத்தையும் அன்பையும் குறிக்கும் ‘கோந்தான்’ என்ற ஒரே சொல்லைத் தால் பூரிக்கும் சொல்கிறோம், தாய்க்கும் சொல்கிறோம், மணக்கவிருப்பவருக்கும் சொல்கிறோம். மூளை அப்படி ஒரே சொல்லில் முடித்துவிடுவதில்லை. மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷர் இதனை உடல் வேட்கை, ஒருவர் மீதே குவியும் ஈர்ப்பு, நீண்ட நாள் பிணைப்பு என மூன்றாகப் பிரித்தார். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம். இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

“கெமிக்கல்னு சொல்றீங்களே, அது ரத்தத்துல ஓடுதா? டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?”

இரண்டு வகைப் பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்பவை. மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசாலும், பாலின ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் அந்த வகை. நரம்புக் கடத்திகளோ ஒரு நரம்பணுவின் முனையிலிருந்து புறப்பட்டு, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியைத் தாண்டி அடுத்த நரம்பணுவைத் தொடுபவை; டோபமைனும் செரட்டோனினும் மூளைக்குள் செய்வது இந்த வேலையைத்தான். உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. அது மூளைக்குள் நுழைவதில்லை. ஆகவே கையில் ரத்தம் எடுத்துப் பார்த்துக் காதலைக் கண்டறியும் சோதனை எதுவும் கிடையாது.

ஓர் உறுப்பில் சுரப்பது ரத்தத்தின் வழியே இன்னோர் உறுப்பை ஆளக்கூடும் என்று வலியுறுத்திய முன்னோடிகளில் ஒருவர், நம் போர்ட் லூயியில் 1817இல் பிறந்த மருத்துவர் பிரவுன்-செக்கார். போ பாசேன் மனநல மருத்துவமனையின் பெயராக மட்டுமே பலர் அவரை அறிவார்கள். 1889இல், தம் 72ஆம் வயதில், விலங்கின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமையின் வலிமை திரும்பியதாகப் பாரிஸில் அறிவித்தார். அந்தச் சாற்றில் பயன் தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க முடியாது என்பது பின்னர் தெளிவாயிற்று. அவருடைய கருத்து சரி, சோதனை தவறு. காதல் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே அவர் கதையை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

“டோபமைன்னா சந்தோஷக் கெமிக்கல்தானே? அப்போ ஏன் எனக்குச் சந்தோஷத்தைவிடத் தவிப்புதான் அதிகமா இருக்கு?”

நல்ல கேள்வி, கேட்டவர் தம் உடம்பைச் சரியாகக் கவனித்திருக்கிறார். டோபமைன் இன்பத்தைச் சேர்ந்தது என்பதைவிட வேண்டுதலைச் சேர்ந்தது என்பதே பொருத்தம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் செய்த சோதனைகளில், மூளையில் டோபமைன் பெருமளவு நீக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் இனிப்பை வாயில் விட்டால், சுவைத்து மகிழும் அதே முகக்குறிப்பைக் காட்டின. தேடுவது வேறு, சுவைப்பது வேறு. ஒருவரை மிகவும் வேண்டிக்கொண்டே மகிழ்ச்சியில்லாமல் இருக்க முடிவது இதனால்தான்.

2005இல் ஃபிஷர், ஆர்தர் ஏரன், லூசி பிரவுன் ஆகியோர், தீவிரமாகக் காதலித்துக்கொண்டிருந்த 10 பெண்களையும் 7 ஆண்களையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துக் காதலரின் படத்தையும், வெறும் அறிமுகம் மட்டுமே உள்ள ஒருவரின் படத்தையும் மாறி மாறிக் காட்டினார்கள். காதலரின் படத்துக்கு, நடுமூளையில் டோபமைன் உற்பத்தியாகும் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியும், அதிலிருந்து செய்தி பெறும் காடேட் பகுதியும் விழித்துக்கொண்டன. பசி, தாகம், போதைப் பழக்கம் ஆகியவற்றிலும் வேலை செய்வது இந்த வழித்தடம்தான். காதல் என்பது ஓர் உணர்ச்சி என்பதைவிட உந்துதல் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். என் கடைக்கு வருபவர்களைப் பார்த்த வரையில் எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது: உணர்ச்சி வந்துபோகும், உந்துதல் கிடைக்கும்வரை உட்காரவிடாது.

“நாள் முழுக்க அவர் நினைப்புதான், வேலையே ஓடல. ஏன் இப்படி?”

எபேனில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கும் பெண் இதைக் கேட்டபோது தம் குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினார். வாடிக்கையாளர்களின் எண்களுக்கு இடையே ஒரே பெயர், சிறிய எழுத்தில், ஓரம் முழுவதும். எழுதியதே நினைவில்லை என்றார்.

இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் டொனாடெல்லா மராசித்தி இந்த நிலையைத்தான் ஆராய்ந்தார். கடந்த ஆறு மாதங்களுக்குள் காதல்வயப்பட்டு, நாளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் காதலரையே நினைத்துக்கொண்டிருந்த 20 பேர், ஓ.சி.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய்க்கு இன்னும் மருந்து தொடங்காத 20 பேர். இரண்டும் இல்லாத 20 பேர். மூன்று குழுவினரின் ரத்தத் தட்டணுக்களிலும், செரட்டோனினை உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். 1999இல் வெளியான முடிவு: காதலர்களிடமும் நோயாளிகளிடமும் அந்தப் புரதம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது.

இதைத்தான் பத்திரிகைகள் “காதலித்தால் செரட்டோனின் குறையும்” என்று எழுதுகின்றன. நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன்: அளக்கப்பட்டது செரட்டோனின் அல்ல, அதை இழுக்கும் கடத்திப் புரதம், மூளையில் அல்ல, தட்டணுவில், 20 பேரிடம். 2012இல் சாந்த்ரா லாங்கஸ்லாக் குழுவினர் ரத்தச் செரட்டோனினையே அளந்தபோது, காதலில் இருந்த ஆண்களிடம் அது குறைவாகவும் பெண்களிடம் அதிகமாகவும் இருந்தது. ஆகவே செரட்டோனின் ஏற்பாட்டில் ஏதோ ஓர் அசைவு நிகழ்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

“அப்போ எனக்கு ஓ.சி.டி. வந்துடுச்சா?”

காதலிப்பதனால் மட்டும் வந்துவிடாது. மேற்சொன்ன ஆய்வு ஓர் ஒற்றுமையைக் காட்டியதே தவிர, இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. எண்ணச் சுழற்சி நோயில் வரும் எண்ணம், நினைப்பவருக்கே அருவருப்பாகவும் அச்சமாகவும் இருக்கும்: கை அசுத்தம், கதவைப் பூட்டவில்லை, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்பது போல. அந்த அச்சத்தைத் தணிக்கவே கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள், பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறார்கள். காதலரின் நினைப்போ, வேதனை தந்தாலும், போய்விட வேண்டும் என்று மனம் முழுதாக விரும்புவதில்லை. போனால் வெறுமையாக இருக்குமே என்று தோன்றும்.

ஆனால் நோய் காதலின் மீதே வந்து உட்காருவதும் உண்டு. நல்ல உறவில் இருக்கும் ஒருவர், “இவரை நான் உண்மையாகவே நேசிக்கிறேனா?” என்று நாளுக்கு நூறு முறை தம்மையே விசாரித்து, விடை கிடைத்த மறு நிமிடமே மீண்டும் ஐயுற்று, தோழிகளிடமும் கூகுளிடமும் உறுதி கேட்டுக்கொண்டே இருந்தால், அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. இதைக் காதல் குறைந்ததன் அடையாளம் என்று நினைத்து உறவை முறித்துக்கொள்பவர்களை எண்ணி வருந்துகிறேன்.

“அவன் ஒருநாள் பேசுறான், ஒருநாள் பேசமாட்டேங்கிறான். நல்லா இருக்கிறவங்களை விட்டுட்டு ஏன் இவன் பின்னாடியே மனசு போகுது?”

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

டோபமைன் நரம்பணுக்கள் பரிசுக்காகத் துடிப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்காகத் துடிக்கின்றன. இதைக் குரங்குகளில் காட்டியவர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின், துடிப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு மாறிவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அணுக்கள் அடங்கின. 2003இல் அவர் குழு இன்னும் ஒன்றைக் கண்டது: சாறு வருவதும் வராததும் சரிபாதி என்ற நிலையில்தான், காத்திருக்கும் நேரம் முழுவதும் அந்த அணுக்களின் செயல்பாடு மிக அதிகமாக ஏறிக்கொண்டே போயிற்று. உறுதியாக வரும் என்றாலும் உறுதியாக வராது என்றாலும் அந்த ஏற்றம் இல்லை.

குரங்கிடமிருந்து மனிதருக்கு நேராகத் தாவக் கூடாதுதான். ஆனாலும் ஒருமுறை கவுண்டரில் மருந்துக்காகக் காத்திருந்த இளம்பெண்ணின் கைப்பேசி என் நினைவுக்கு வருகிறது. நான் மாத்திரை எண்ணி முடிப்பதற்குள் திரையை ஒன்பது முறை திறந்தார். செய்தி அனுப்பியாயிற்று, இரண்டு நீலக்குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. ‘டைப் செய்கிறார்’ என்ற சொல் மேலே தோன்றி மறைந்தபோது அவர் மூச்சு நின்று திரும்பியதை நான் பார்த்தேன். விளக்கு எரிந்தது, சாறு வரவில்லை. 1979இல் இந்த நிலைக்கு ‘லிமரன்ஸ்’ என்று பெயரிட்ட உளவியலாளர் டாரதி டெனாவும், நம்பிக்கையும் ஐயமும் ஒருங்கே இருக்கும்போதுதான் அது வளர்கிறது என்று எழுதினார். ஆகவே அவன் நினைப்பு ஓயாமல் வருவது அவன் உயர்ந்தவன் என்பதற்கோ உங்கள் காதல் ஆழமானது என்பதற்கோ சான்று ஆகாது. அவன் நிச்சயமில்லாதவன் என்பதற்கு மட்டுமே அது சான்று.

“நினைக்கவே கூடாதுன்னு உறுதியா இருந்தா இன்னும் அதிகமா வருதே?”

வரும். 1987இல் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொல்லி, நினைத்தால் மணியை அடிக்கச் சொன்னார். அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதைவிட முக்கியம், தடையை நீக்கியபின் அவர்கள் தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். ‘நினைக்கிறேனா?’ என்று காவல் காக்க வேண்டுமென்றால், எதை நினைக்கக் கூடாதோ அதை மூளை கையில் வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். எண்ணம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, கையை வேறு வேலைக்குக் கொண்டுபோவதே பயன் தரும்.

“பசியில்ல, தூக்கமில்ல, மெலிஞ்சு போயிட்டேன். உடம்புக்கு ஏதாவது ஆயிடுமா?”

நார்அட்ரினலின் விழிப்பைக் கூட்டிப் பசியைக் குறைக்கும். கார்ட்டிசாலும் ஏறுகிறது: 2004இல் மராசித்தி, அண்மையில் காதல்வயப்பட்ட 24 பேரிடம் இதை அளந்தார். அவர்களில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் கூடியும் இருந்தன. ஓராண்டு ஈராண்டு கழித்து வேறுபாடு மறைந்துவிட்டது. பசலை படர்ந்தது, வளை கழன்றது என்று அகத்திணை மரபு பாடியதற்கு உடலில் இடம் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் உணவும் உறக்கமும் திரும்பாவிட்டால் காதல் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மிகையும் மனச்சோர்வும் இதே வேடத்தில் வரும்.

“காவடி அன்னைக்குத்தான் அவளை முதல்ல பார்த்தேன். அந்த நிமிஷமே விழுந்துட்டேன். இது தெய்வச் செயலா?”

தெய்வச் செயலா என்பதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உடம்பின் செயல் எது என்று சொல்கிறேன். பத்து நாள் விரதம். நம் நாட்டில் தைப்பூசம் கடுங்கோடையில் வருகிறது. வெறுங்காலில் சுடும் தார்ச்சாலை, தோளில் காவடி, மேளம், கற்பூரப் புகை. இதயம் ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு முகம் எதிரே வருகிறது.

1974இல் டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஏரனும் கனடாவின் வான்கூவர் அருகே, 70 மீட்டர் உயரத்தில் ஆடும் கப்பிலானோ தொங்கு பாலத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி, கடந்து வந்த ஆண்களிடம் சில கேள்விகள் கேட்கச் செய்து, தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் சொன்னார்கள். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பின்னர் அழைத்தார்கள். ஆடாத பாலத்தில் அதே பெண்ணிடம் எண்ணை வாங்கிய 16 பேரில் 2 பேரே அழைத்தார்கள். அச்சத்தின் படபடப்பை எதிரில் நின்ற பெண்ணின் மேல் ஏற்றிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அவளை இன்னொரு நாள், படபடப்பு எதுவும் இல்லாத இடத்தில், பேருந்து நிறுத்தத்திலோ கடைவீதியிலோ சந்தித்துப் பேசிப் பாருங்கள். அப்போதும் மனம் அதையே சொன்னால் மகிழ்ச்சி.

“என் மகன் நல்ல பிள்ளை, அம்மா. இப்போ வேற ஆளா மாறிட்டான். அந்தப் பொண்ணு வீட்டுல வசியம் வெச்சிருப்பாங்களோ?”

‘லோங்கானிஸ்த்’ என்று நம் ஊரில் சொல்லப்படும் மந்திரவாதியிடம் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டுத்தான் பல தாய்மார்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் பார்ப்பது உண்மையான மாற்றம். உணவைத் தள்ளுகிறான், பேச்சு குறைகிறது, அவளுடைய குறையைச் சுட்டினால் சீறுகிறான். 2000இல் லண்டனில் ஆந்திரியாஸ் பார்ட்டெல்ஸும் செமிர் செக்கியும் காதலர்களின் மூளையைப் படம் எடுத்தபோது, காதலரின் முகத்தைக் காண்கையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவிலும், பிறரை எடைபோடுவதில் பங்குகொள்ளும் சில பகுதிகளிலும் செயல்பாடு தணிந்திருந்தது. காதலுக்குக் கண்ணில்லை என்று நாம் சொல்வது ஏறத்தாழ இதைத்தான்.

ஆகவே மருந்தும் மந்திரமும் யாரும் வைக்கவில்லை, அம்மா. அந்தப் பெண்ணைக் குறைகூறக் கூற, அவனுடைய நிச்சயமின்மையைக் கூட்டி, மேலே சொன்ன எரியும் விளக்குக்கு நீங்களே எண்ணெய் ஊற்றுகிறீர்கள். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். வாழையிலையில் ஏழு கறி பரிமாறிக்கொண்டே பேசினால், மகனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

“இந்தப் பைத்தியம் எவ்வளவு நாள் இருக்கும்?”

மராசித்தி தம் 1999 ஆய்வில் பங்குபெற்றவர்களில் 6 பேரை 12 முதல் 18 மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்தார். உறவு தொடர்ந்தது, ஓயாத நினைப்பு அடங்கியிருந்தது, கடத்திப் புரதமும் சாதாரண அளவுக்குத் திரும்பியிருந்தது. ஆறு பேர்தான் என்பதை மறக்க வேண்டாம். நிச்சயமின்மை தொடரும் உறவுகளில் இது ஆண்டுக்கணக்கில் நீடிப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

நினைப்பு அடங்கினால் காதல் போய்விட்டது என்று அஞ்சுபவர்களுக்கு 2012இல் பியாங்கா அசெவெடோவின் குழு வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்வு நடத்தியும் துணையை இன்னும் தீவிரமாக நேசிப்பதாகச் சொன்ன 17 பேரின் மூளையில், புதுக் காதலர்களிடம் விழித்த அதே டோபமைன் பகுதி விழித்தது. கூடவே, தாய்மைப் பிணைப்பில் வேலை செய்யும் பகுதிகளும் விழித்தன. பிணைப்பில் ஆக்சிடாசின், வாசோபிரசின் என்ற இரண்டு ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு என்பதை, ஆயுள் முழுவதும் ஒரே துணையோடு வாழும் பிரெய்ரி வோல் என்ற சிறிய புல்வெளி எலிகளில் கண்டார்கள். ஆனால் 2023இல், ஆக்சிடாசினை உணரும் ஏற்பியே இல்லாமல் பிறக்கச் செய்யப்பட்ட அதே வகை எலிகளும் துணையோடு பிணைந்தன. ‘காதல் ஹார்மோன்’ என்று எழுதிய ஸ்பிரேக்களை இணையத்தில் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடலாம்.

“பிரிஞ்சப்புறம் குறையணும்தானே? ஏன் கூடுது? நெஞ்சு நிஜமாவே வலிக்குதே!”

பரிசு வராமல் போனதும் உந்துதல் உடனே அணைந்துவிடுவதில்லை; கொஞ்ச காலம் ஓங்கி எரியும். 2010இல் ஃபிஷர் குழு, கைவிடப்பட்டும் காதல் மாறாத 15 பேரிடம், கைவிட்டவரின் படத்தைக் காட்டியபோது, டோபமைன் பகுதியும், கொக்கெய்ன் ஏக்கத்தில் விழிக்கும் பகுதிகளும் செயல்பட்டன. அதே ஆய்வில் ஆறுதலும் இருக்கிறது: பிரிந்து அதிக நாளானவர்களிடம், பிணைப்போடு தொடர்புடைய ஒரு பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது.

வலியைப் பொறுத்தவரை, 2011இல் ஈதன் க்ராஸ் 40 பேரிடம், முன்னாள் காதலரின் படத்தைக் காட்டியும் முன்கையில் சூடு வைத்தும் ஒப்பிட்டபோது, உடல் வலியை உணரும் சில பகுதிகள் இரண்டுக்கும் செயல்பட்டன. 2014இல் நுணுகிப் பார்த்த வேறோர் ஆய்வு, இடம் ஒன்றானாலும் செயல்படும் கோலம் வேறு என்று காட்டியது. எப்படியானாலும் அந்த வலியை நீங்கள் கற்பனை செய்யவில்லை. மிகுந்த துயரம் இதயத் தசையையே சிறிது காலம் தளரச் செய்யும் டக்கோட்சுபோ என்ற நிலையும் உண்டு. 1990இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களிடமே அதிகம். ஆகவே நெஞ்சு அழுத்தினால், மூச்சு முட்டினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், காதல் வலி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். 114 என்ற எண்ணில் சாமு ஆம்புலன்ஸை அழையுங்கள்.

“மறக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்களேன், அக்கா.”

அப்படி ஒன்று என் அலமாரியில் இல்லை. வேறு எந்த அலமாரியிலும் இல்லை. செரட்டோனின் கடத்திப் புரதத்தின் மேல் வேலை செய்யும் ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்துகள் எண்ணச் சுழற்சி நோய்க்கும் மனச்சோர்வுக்கும் உரியவை. அவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் தர மாட்டேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தாமாக நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். உடன்பிறந்தவரின் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்கிய ஒருவர் அரைமணி நேரம் என் கடையின் நாற்காலியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை இன்னொருமுறை பார்க்க நான் விரும்பவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது யாரையாவது அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். என் கடைக்கு வந்தாலும் நான் கூடவே வருவேன்.

“மாத்திரை இல்லைன்னா என்னதான் செய்யறது?”

2018இல் லாங்கஸ்லாக், பிரிவால் வாடிய 24 பேரிடம் மூன்று வழிகளைச் சோதித்தார். பிரிந்தவரின் குறைகளை நினைத்தபோது காதல் குறைந்தது, ஆனால் அப்போதைக்கு மனம் இன்னும் கசந்தது. காதலிப்பதில் தவறில்லை என்று ஏற்றுக்கொண்டபோது காதலும் மாறவில்லை, மனநிலையும் மாறவில்லை. வேறொன்றில் கவனம் செலுத்தியபோது மனநிலை தேறியது, காதல் குறையவில்லை. மூன்று வழிகளிலும், முன்னாள் காதலரின் படத்தைக் காண்கையில் மூளை காட்டும் கவனம் தணிந்தது. ஆகவே நான் சொல்வது: காலையில் சற்று நேரம் குறைகளை எழுதுங்கள், நல்லதை மட்டும் நினைவு வைத்திருக்கும் மனத்துக்கு அது தேவை. அதன்பின் நாளை வேறு வேலையால் நிரப்புங்கள். தூண்டும் விளக்குகளை அணையுங்கள்: ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ தெரியாதபடி கைப்பேசியை மாற்றுங்கள், படங்களை ஓர் உறவினரிடம் ஒப்படையுங்கள், அவர் ஏறும் மெட்ரோ நேரத்தில் ஏறாதீர்கள்.

“அவ வேண்டாம்னுட்டா. ஆனா நான் விடமாட்டேன், அதுதானே உண்மைக் காதல்?”

இல்லை. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று தனிப் பெயரிட்டு, ஒத்த அன்பாகிய ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது தமிழ் மரபு. பனைமடலில் குதிரை செய்து, அதன்மேல் ஏறி ஊரார் முன் அவள் பெயரைச் சொல்லி நிற்கும் மடலேறுதலையும் அந்த மரபு பெருந்திணை என்று ஒதுக்கியே வைத்தது. திரையில் பார்த்துப் பழகியதால் நம் பிள்ளைகளுக்கு இது வீரமாகத் தெரிகிறது. உங்கள் உந்துதல் உங்கள் மூளையில் நடப்பது. அதற்கு அவள் கடன்படவில்லை. அவள் “வேண்டாம்” என்று சொன்னது நிச்சயம். அதை ஐயமாக மாற்றிக்கொண்டு காத்திருப்பது நீங்கள்தான். பின்தொடர்வதும், வேறு எண்ணிலிருந்து அழைப்பதும், அவள் வேலையிடத்தின் வாசலில் நிற்பதும் அவளை அச்சுறுத்துகின்றன. அவளுக்குக் காவல்துறையிடம் போகும் உரிமை உண்டு. கேட்டால் நான் துணைக்குப் போவேன்.

மறுப்பே இல்லை, அவர் உள்ளூர என்னைக் காதலிக்கிறார், குறிப்பால் சொல்கிறார் என்று அசையாமல் நம்புவது வேறு நிலை. 1921இல் பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ விரிவாக எழுதிய அந்த மயக்கம் நோயே. அன்பாகப் பேசி மருத்துவரிடம் அழைத்துப் போவது குடும்பத்தாரின் கடமை.

“எல்லாம் கெமிக்கல்னா காதலே பொய்யா?”

தாகமும் மூளையின் வேதியியல்தான். அதனால் தண்ணீர் பொய்யாகிவிடாது.

“நாற்பது வருஷம் ஆச்சு, பிள்ளை. பேரன் பேத்தி எடுத்தாச்சு. இன்னும் கனவுல வர்றார். எனக்கு ஏதாவது குறையா?”

ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஒரு பாட்டி, பணத்தை எண்ணி வைத்துவிட்டு, கிளம்பாமல் நின்று கேட்டது இது. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். உணர்ச்சி மிகுந்த நேரத்தில் சுரக்கும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் அந்த நேரத்து நினைவை ஆழப் பதிக்கின்றன. 1994இல் லாரி கேஹிலும் ஜேம்ஸ் மெகாவும், ஒரு துயரக் கதையைக் கேட்பதற்கு முன் சிலருக்கு, அந்தப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். கதையின் உருக்கமான பகுதி மற்றவர்களுக்குப் பதிந்த அளவுக்கு அவர்களுக்குப் பதியவில்லை. இருபது வயதில் பாட்டியின் உடலில் அந்தப் பொருள்கள் தடையின்றி வேலை செய்திருக்கின்றன. அத்துடன், பழக்கம் அணைந்தாலும் பதிவு அழிவதில்லை. புதிய பதிவு அதன்மேல் படிகிறது, கீழுள்ளது எப்போதாவது தலைகாட்டுகிறது. குறை ஒன்றும் இல்லை, சிகிச்சையும் வேண்டாம்.

“அப்போ இந்த மாத்திரை சாப்பிட்டா அவர் வராம போயிடுவாரா?” என்று கையிலிருந்த புரோப்ரனலால் பெட்டியைக் காட்டிக் கேட்டார். பழைய நினைவை அது அழிக்காது என்றேன். சரி என்று பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.